லிவர்பூலில் நாலு வீடுகள்

ஊர் ஊராகப் பிரயாணம் போகிறவர்கள் கோயிலைப் பார்ப்பார்கள், கோட்டையைப் பார்ப்பார்கள், அரண்மனைக்குள் நுழைந்து ராஜா படுத்த கட்டிலைக்கூடப் பார்த்துவிட்டு வருவார்கள். ஆனால் இங்கிலாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் லிவர்பூல் துறைமுகத்துக்கு வருகிறவர்கள் எதைத் தேடிக்கொண்டு வருகிறார்கள் தெரியுமா? ஒரு பஸ் டிரைவர் குடியிருந்த வீட்டை! பஞ்சுக் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவருடைய வாடகை வீட்டை! மதுக்கடையில் வேலை செய்து ஒற்றைப் பிள்ளையை வளர்த்த ஒரு தாயாரின் வீட்டை! கண்டிப்புக்குப் பெயர் போன ஒரு பெரியம்மாவின் வீட்டை!

இந்த நாலு வீடுகளில் வளர்ந்த நாலு பிள்ளைகள்தான் பிற்பாடு 'பீட்டில்ஸ்' என்ற பெயரில் உலகத்தையே ஆட்டி வைத்தார்கள். ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிஸன், ரிங்கோ ஸ்டார். 1962 அக்டோபரில் அவர்களுடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தது. 1970-ல் கோஷ்டி கலைந்துவிட்டது. எட்டு வருஷம்கூடப் பூர்த்தியாகவில்லை. அதற்குள் எவ்வளவு அமர்க்களம்! 1964 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அவர்கள் அமெரிக்க டெலிவிஷனில் தோன்றியபோது 7 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தார்களாம். அதே வருஷம் ஏப்ரலில் அமெரிக்காவில் அதிகமாக விற்பனையான ஐந்து பாட்டுக்களும் இவர்களுடையவைதான்.

நான் அவர்களுடைய ரசிகை. என் கணவருடைய பாஷையில் சொன்னால் 'பைத்தியம்'. "வெறும் கூச்சலில் அப்படி என்ன இருக்கிறது?" என்று அவர் கேட்பார். கூச்சல் போட்டது கேட்க வந்த பெண்கள், பாட்டு அல்ல! பாட்டைக் கவனித்துக் கேட்டால் தெரியும். இரண்டு மூன்று குரல்கள் வெவ்வேறு ஸ்தாயியில் புறப்பட்டு ஒன்றோடு ஒன்று இழைகிற அழகு. எளிமையான மெட்டு, எதிர்பாராத ஓர் இடத்தில் சட்டென்று திரும்பி நம்மைத் திடுக்கிட வைக்கும் சாமர்த்தியம். அதோடு, ஒரு தடவை செய்ததை மறு தடவை செய்ய மாட்டார்கள். 1965-ல் வந்த 'எஸ்டர்டே' பாட்டில் கிதாரோடு நாலு தந்தி வாத்தியங்கள் மட்டும். 1966-ல் வந்த 'எலினார் ரிக்பி'யில் எட்டுத் தந்தி வாத்தியங்கள்; பீட்டில்ஸ் நால்வரில் ஒருவர்கூட அதில் வாத்தியத்தைத் தொடவில்லை. இத்தனைக்கும் அவர்களில் ஒருவருக்கும் ஸ்வரம் எழுதவோ படிக்கவோ தெரியாது!

இந்தச் சங்கீதம் எங்கிருந்து வந்தது? அதைக் கண்டுகொள்ளத்தான் லிவர்பூலுக்குப் போனேன். போய்ப் பார்த்த பிறகு ஒன்று விளங்கியது. இதற்குப் பின்னால் கிதாரும் மேளமும் மட்டும் இல்லை. சில ஸ்திரீகளும் இருந்தார்கள். வாருங்கள், வீடு வீடாகப் போய்ப் பார்ப்போம்.

நதிக் கரையில்

லிவர்பூலின் ஜீவன் மெர்ஸி நதி. கடலோடு கலக்கும் இடத்தில் அது நதியா கடலா என்று சந்தேகம் வரும்படி அகன்று கிடக்கிறது. ஒரு காலத்தில் அமெரிக்கப் பஞ்சு வந்து இறங்கியதும், லட்சக் கணக்கான ஜனங்கள் பிழைப்புத் தேடிக் கப்பல் ஏறியதும் இங்கிருந்துதான். கரையில் 1911-ல் கட்டிய லிவர் கட்டிடம். அதன் இரண்டு கோபுரங்களின் உச்சியிலும் இறக்கையை விரித்து நிற்கும் இரண்டு பெரிய பறவைகள். அவை பறந்து போய்விட்டால் பட்டணமே போய்விடும் என்று ஊரார் சொல்லிக் கொள்வார்கள்.

அந்தக் கட்டிடத்துக்கு எதிரில், 2015-ல் வைத்த பீட்டில்ஸ் சிலைகள் இருக்கின்றன. நாலு பேரும் காற்றில் கோட்டுப் பறக்க நடந்து வருகிறாற்போல! நாங்கள் போன அன்று ஒரு பாட்டியம்மாள் ரிங்கோவின் கையைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக் கொண்டிருந்தாள். அவளுக்கு எழுபது வயதுக்குக் குறையாது. முகத்தில் மட்டும் பதினாறு!

இந்த ஊர் விமான நிலையத்துக்கே 2001-ல் ஜான் லெனன் பெயரை வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் "உருப்பட மாட்டான்" என்று கைவிட்ட பையன் அவர்.

பாதாளத்தில் ஒரு பாட்டுக் கச்சேரி

நதியிலிருந்து சிறிது தூரம் நடந்தால் மாத்யூ தெரு. குறுகலான சந்து. அங்கேதான் 'கேவர்ன்' என்ற சங்கீதக் கூடம். பெயருக்கு அர்த்தம் குகை, பொருத்தமான பெயர்தான். பழைய கிடங்கு ஒன்றின் அடியில், செங்கல் வளைவுகளோடு மூன்று சுரங்கங்கள். ஜன்னல் கிடையாது. காற்று கிடையாது. கூட்டத்தின் மூச்சுக் காற்றே கூரையில் பட்டு நீராகச் சொட்டுமாம்.

1961 பிப்ரவரியில் பீட்டில்ஸ் முதல் தடவை இங்கே பாடினார்கள். 1963 ஆகஸ்டுக்குள் 290 தடவை போலப் பாடிவிட்டார்கள். பல நாட்கள் மத்தியான வேளையில் கச்சேரி. அக்கம் பக்கத்து ஆபீஸ்களில் டைப் அடிக்கும் பெண்களும் கடைகளில் சாமான் விற்கும் பெண்களும் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வருவார்கள். ஒரு கிண்ணம் சூப்பு, ஒரு ரொட்டி, அதோடு ஒரு மணி நேரம் பாட்டு. பிறகு தலை மயிரைச் சரி செய்துகொண்டு ஆபீஸுக்கு ஓட்டம்! உலகம் பீட்டில்ஸைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் கண்டுபிடித்தவர்கள் இந்தப் பெண்கள்தான் என்பதை நாம் மறக்கக் கூடாது.

பழைய கேவர்ன் இன்று இல்லை. 1973-ல் ரெயில்வே வேலைக்காக அதை மூடி, மேல் கட்டிடத்தையும் இடித்துவிட்டார்கள். 1984-ல், பழைய செங்கற்களில் மிஞ்சியவற்றையும் வைத்து, ஏறக்குறைய அதே இடத்தில் மறுபடி கட்டினார்கள். இன்றைக்கும் அங்கே பாட்டு நடக்கிறது. படி இறங்கி உள்ளே போனதும் என் கணவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக் கொண்டார். ஆனால் நாங்கள் திரும்பி ஏறுவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. தாளம் போட்டுக் கொண்டிருந்தது யார் என்பதை நான் சொல்லப் போவதில்லை!

நகை அடகு வைத்து வாங்கிய வீடு

நாலு வீடுகளுக்குப் போகுமுன், கணக்கில் சேராத ஐந்தாவது வீடு ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டிப் போக எனக்கு மனசு வரவில்லை. ஏன் என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். அந்த வீட்டுப் பிள்ளை பிறந்தது நம் சென்னையில்!

வீட்டுக்கார அம்மாளின் பெயர் மோனா பெஸ்ட். டில்லியில் பிறந்தவள். அவளுடைய மகன் பீட் பெஸ்ட் 1941 நவம்பரில் சென்னையில் பிறந்தான். 1945-ம் வருஷக் கடைசியில் குடும்பம் கப்பல் ஏறி லிவர்பூல் வந்து சேர்ந்தது. மோனாவுக்குப் பெரிய வீடு வேண்டும் என்று ஆசை. 1954-ல் என்ன செய்தாள் தெரியுமா? தன் நகைகளை அடகு வைத்து, டெர்பிக் குதிரைப் பந்தயத்தில் 'நெவர் ஸே டை' என்ற குதிரையின் மேல் பணம் கட்டினாள்! ஒன்றுக்கு முப்பத்து மூன்று கொடுக்கும் குதிரை. அது ஜயித்துவிட்டது! (வாசக சகோதரிகள் யாரும் இதை முன்மாதிரியாகக் கொள்ள வேண்டாம்.) அந்தப் பணத்தைக் கொண்டு வெஸ்ட் டெர்பி என்ற பகுதியில் பதினைந்து அறைகள் கொண்ட பழைய வீட்டை வாங்கினாள்.

1959 ஆகஸ்டில் அந்த வீட்டின் நிலவறையில் வாலிபர்களுக்காக 'கஸ்பா' என்ற சங்கீத கிளப்பைத் திறந்தாள். ஜானும் பாலும் ஜார்ஜும் அங்கே சுவரிலும் கூரையிலும் சாயம் பூசினார்கள். திறப்பு விழாவில் பாடவும் பாடினார்கள். அந்தச் சாயம் இன்னும் இருக்கிறது. அடுத்த வருஷம் பீட் அவர்களோடு மேளக்காரனாகச் சேர்ந்தான். இரண்டு வருஷம் வாசித்தான். கச்சேரிகளுக்கு ஏற்பாடு செய்ததில் மோனாவுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் 1962 ஆகஸ்டில், முதல் இசைத்தட்டுக்குச் சில வாரங்களுக்கு முன்னால், பீட்டை நிறுத்திவிட்டார்கள். சொன்னது மானேஜர் பிரையன் எப்ஸ்டீன். தோழர்கள் மூவரும் நேரில் வந்து சொல்லவில்லை. நாலு பேர் புகழின் சிகரத்துக்குப் போனார்கள். ஐந்தாமவன் பின்னால் இருபது வருஷம் வேலை வாய்ப்பு அலுவலகத்தில் சர்க்கார் உத்தியோகம் பார்த்தான். 1995-ல் பழைய ஒலிப்பதிவுகளைத் தொகுத்து வெளியிட்டபோதுதான் அவனுக்கும் பணம் வந்தது. நகையை அடகு வைத்து வீடு வாங்கி, அந்த வீட்டில் இந்தப் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்த தாய்க்கு அன்று எப்படி இருந்திருக்கும்! ரசிகை என்பதற்காக இதைச் சொல்லாமல் விட எனக்குச் சம்மதமில்லை.

எல்ஸியின் பிள்ளை

பீட்டுக்குப் பதில் வந்தவர் ரிங்கோ. இயற்பெயர் ரிச்சர்ட் ஸ்டார்க்கி. துறைமுகத்துக்குத் தெற்கே டிங்கிள் என்ற பகுதியில், மாட்ரின் தெரு 9-ம் நம்பர் வீட்டில் 1940 ஜூலையில் பிறந்தார். குழந்தைக்கு மூன்று வயசாகும்போது தகப்பன் போய்விட்டான். தாயார் எல்ஸி பக்கத்தில் அட்மிரல் குரோவ் என்ற சந்தில் இன்னும் சிறிய வீட்டுக்குக் குடி போனாள். மதுக்கடையில் வேலைக்குப் போய்ப் பிள்ளையைக் காப்பாற்றினாள்.

பிள்ளைக்கு உடம்பு சரியாக இருந்ததா? அதுவும் இல்லை. ஆறு வயதில் குடல்வால் வெடித்து, நினைவு தப்பி, பிழைப்பானா என்று தவிக்க வைத்தான். ஆஸ்பத்திரியில் ஒரு வருஷம் போல. பதின்மூன்று வயதில் நுரையீரல் வியாதி; மறுபடி ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம். அங்கே குழந்தைகளுக்குப் பொழுது போகட்டும் என்று சிறு வாத்தியங்கள் கொடுப்பார்கள். இவனுக்கு மேளம் தவிர வேறொன்றும் பிடிக்கவில்லை. நூல் சுற்றும் கட்டைகளை எடுத்துக் கட்டில் பக்கத்து அலமாரியில் தட்டிக் கொண்டே இருப்பானாம்.

எல்ஸி பிற்பாடு ஹாரி கிரேவ்ஸ் என்ற நல்ல மனிதரை மறுமணம் செய்து கொண்டாள். 1957 கிறிஸ்துமஸுக்கு அவர் லண்டனில் ஒரு பழைய டிரம் செட்டை வாங்கி, ரெயிலில் தாமே கொண்டு வந்து சேர்த்தார். மாற்றாந்தகப்பன் என்றால் கதைகளில் வருகிறவர்களைப் போலத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, பாருங்கள்!

மாட்ரின் தெருவையே இடித்துத் தள்ளுவதாக ஒரு திட்டம் இருந்தது. ரசிகர்களும் ஊராரும் சண்டை போட்டார்கள். 2012-ல் 9-ம் நம்பர் வீடு தப்பியது. பிறகு தெருவின் மற்ற வீடுகளையும் பழுது பார்த்துக் குடிவைத்தார்கள். ஒரு பாட்டுக்காரர் பிறந்த புண்ணியத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு வீடு கிடைத்தது.

அட்மிரல் குரோவில் நின்றபோது எனக்கு இன்னொரு பெண்ணின் ஞாபகம் வந்தது. ஃபிரீடா கெல்லி என்று பெயர். கேவர்னுக்கு ஓடிய டைப்பிஸ்டுப் பெண்களில் ஒருத்தி. பதினேழு வயதில் பீட்டில்ஸின் ரசிகர் சங்கக் காரியதரிசியானாள். விலாசம் எது கொடுப்பது என்று தெரியாமல் தன் வீட்டு விலாசத்தையே கொடுத்துவிட்டாள்! மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்து, அவளுடைய அப்பா தம் தபாலைத் தேட வேண்டியதாயிற்றாம். தாயை மிகச் சிறு வயதிலேயே இழந்த அந்தப் பெண், ரிங்கோ வீட்டுக்கு வரும் கடிதங்களுக்குப் பதில் எழுத எல்ஸியிடம் போகத் தொடங்கினாள். நாளடைவில் எல்ஸி அவளுக்குத் தாய் போலவே ஆகிவிட்டாள். ஒரு ரசிகை தலையணை உறையை அனுப்பி, ரிங்கோ அதில் ஒரு நாள் தலை வைத்துத் தூங்கித் திருப்பி அனுப்ப வேண்டும் என்று கேட்டாளாம். ஃபிரீடா அதையும் நடத்திக் கொடுத்தாள்!

கொல்லைப்புறத்துத் துத்தநாகத் தொட்டி

அடுத்தது வேவர்ட்ரீ பகுதியில் அர்னால்டு குரோவ், 12-ம் நம்பர். ஜார்ஜ் ஹாரிஸன் 1943-ல் பிறந்த வீடு. தனியாருக்குச் சொந்தம்; வெளியில் நின்று பார்ப்பதோடு சரி. சுவரில் 2024-ல் பதித்த நீல வட்டப் பலகை இருக்கிறது.

"இவ்வளவுதானா?" என்றார் என் கணவர். அவ்வளவுதான். கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை. அதில் ஆறு பேர். கணப்பு எரிந்தது ஒரே அறையில். மற்ற இடமெல்லாம் நடுக்கும் குளிர். கக்கூஸ் கொல்லைப்புறத்தில். குளிக்கும் துத்தநாகத் தொட்டி கொல்லைச் சுவரில் மாட்டியிருக்கும்; வேண்டும்போது உள்ளே எடுத்து வந்து வெந்நீர் ஊற்ற வேண்டும். ஏழு வருஷத்துக்குப் பிறகுதான் நகரசபை வீடு கிடைத்தது. தகப்பனார் ஹரால்டு பஸ் கண்டக்டராக இருந்து டிரைவரானவர்.

தாயார் லூயிஸ் எப்போதும் பாடிக் கொண்டே இருப்பாளாம். 'என் பிள்ளை கிதார் வாசிக்கிறான், படிப்புக் கெட்டது' என்று அவள் புலம்பவில்லை. பழைய கிதார் வாங்கப் பணம் கொடுத்தாள். விரல் நுனி புண்ணாகிப் பிள்ளை மனம் சோர்ந்தபோது, இரவு நெடுநேரம் கூடவே உட்கார்ந்து தைரியம் சொன்னாள். கேவர்னுக்கும் போய்க் கைதட்டினாள். அங்கே ஒரு நாள் ஜானின் பெரியம்மாவைச் சந்தித்தபோது, "நீ இப்படி ஊக்கம் கொடுக்காமல் இருந்தால் நாமெல்லாம் நிம்மதியாக வாழ்ந்திருப்போம்!" என்ற கருத்தில் அந்த அம்மாள் கடிந்து கொண்டாளாம். இந்தச் சம்பாஷணை நம் எந்த ஊர்க் கல்யாணக் கூடத்திலும் நடக்கக் கூடியதுதானே!

இந்தச் சின்ன வீட்டிலிருந்து புறப்பட்ட ஜார்ஜ்தான் 1965-ல் 'நார்வீஜியன் வுட்' பாட்டில் ஸிதாரைச் சேர்த்தார். 1966-ல் ரவிசங்கரிடம் கற்றுக் கொள்வதற்காகப் பம்பாய்க்கே வந்தார். 1971-ல், வங்காள தேச அகதிகளுக்காக இருவரும் சேர்ந்து நியூயார்க்கில் பெரிய கச்சேரி நடத்தினார்கள். குளிரில் நடுங்கி வளர்ந்த பிள்ளைக்குப் பிறத்தியார் கஷ்டம் தெரியாமலா இருக்கும்?

பெரியம்மாவின் வீடு

இங்கிருந்து தெற்கே போகிற வழியில் பென்னி லேன் வருகிறது. 1967-ல் வந்த பாட்டினால் உலகப் பிரசித்தி அடைந்த தெரு. முடி வெட்டும் கடை, பஸ் நிற்கும் இடம் எல்லாம் சர்வ சாதாரணமாக இருக்கின்றன. தெருப் பெயர்ப் பலகையை ரசிகர்கள் கழற்றிக் கொண்டு போவது ஓயாததால், பெயரைச் சுவரில் சாயத்தால் எழுத வேண்டி வந்ததாம்!

அதையும் தாண்டி மெரங்கள் அடர்ந்த உல்டன் பகுதிக்கு வந்தால், மென்லவ் அவென்யூ 251-ம் நம்பர். வீட்டுக்கு 'மெண்டிப்ஸ்' என்று பெயர். 2002-ல் ஜானின் மனைவி யோகோ ஓனோ இதை வாங்கி, பழஞ்சின்னங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுத்தார். முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு, டிரஸ்டின் சிறிய பஸ்ஸில்தான் போக வேண்டும். உள்ளே போட்டோ எடுக்கக் கூடாது.

நாலு வீடுகளில் இதுதான் கொஞ்சம் வசதியானது. ஜானின் தகப்பன் கப்பலில் வேலை பார்த்தவன், வீட்டில் தங்கவில்லை. தாயார் ஜூலியாவின் வாழ்க்கையும் நிலையில்லாமல் இருந்தது. ஆகவே ஐந்து வயது ஜானைப் பெரியம்மா மிமி எடுத்து வளர்த்தாள். அவளுக்குக் குழந்தை இல்லை. 1955-ல் பெரியப்பா ஜார்ஜ் திடீரென்று காலமாகிவிட்டார். மிமி காலேஜ் மாணவர்களுக்கு அறைகளை வாடகைக்கு விட்டுக் குடும்பத்தை நடத்தினாள்.

வாசலில் கண்ணாடி அடைத்த ஒரு சிறு தாழ்வாரம். "உள்ளே சத்தம் போடாதே!" என்று மிமி விரட்டும்போது ஜான் அங்கே நின்றுதான் கிதார் பழகுவான். கண்ணாடியில் எதிரொலித்து நன்றாகக் கேட்குமாம். கிதார் வாசிப்பது சரிதான், ஆனால் அது சோறு போடாது என்று மிமி அடிக்கடி சொல்வாள். பெரும் பணக்காரரான பிறகு ஜான் அந்த வார்த்தைகளை ஒரு பலகையில் பொறித்துப் பெரியம்மாவுக்கே அனுப்பி வைத்தார்! கடற்கரையில் ஒரு வீடும் வாங்கிக் கொடுத்தார்.

தாயார் ஜூலியா ஒன்றும் வெகு தூரத்தில் இல்லை. நடந்து போகும் தொலைவில்தான் இருந்தாள். பான்ஜோவில் முதல் சுரக்கட்டுகளை ஜானுக்குச் சொல்லிக் கொடுத்தது அவள்தான். பிள்ளை வளர வளர, விட்டுப்போன உறவு மறுபடி துளிர்த்தது. 1958 ஜூலை 15-ந் தேதி மாலை ஜூலியா அக்காளைப் பார்க்க மெண்டிப்ஸுக்கு வந்தாள். பேசிவிட்டுப் புறப்பட்டாள். ஜானின் தோழன் ஒருவன் சிறிது தூரம் கூட நடந்து விடைபெற்றுக் கொண்டான். அவள் பஸ் ஏறச் சாலையைக் கடந்தபோது மோட்டார் மோதி அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. ஜானுக்குப் பதினேழு வயது.

அந்த வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் அந்தச் சாலை தெரிகிறது. இப்போதும் மோட்டார்கள் விரைந்து கொண்டுதான் இருக்கின்றன. எங்கள் கோஷ்டியில் ஒருவரும் சிறிது நேரம் பேசவில்லை. பத்து வருஷத்துக்குப் பிறகு, ரிஷிகேசத்தில் கங்கைக் கரை ஆசிரமத்தில் தங்கியிருந்தபோது ஜான் தாயின் பெயரிலேயே ஒரு பாட்டுக் கட்டினார். இசைத்தட்டில் அதைத் தனியாக, ஒற்றைக் கிதாரோடு பாடியிருக்கிறார். மூத்த மகனுக்கு ஜூலியன் என்று பெயர் வைத்ததும் அவள் நினைவாகத்தான்.

இருபதாம் நம்பர் வீடு

மெண்டிப்ஸிலிருந்து சிறிது தூரத்தில் ஸென்ட் பீட்டர் மாதா கோயில். 1957 ஜூலை 6-ந் தேதி அங்கே கோயில் திருவிழா. ஜானும் பள்ளித் தோழர்களும் ஒரு சங்கீதக் கோஷ்டி வைத்திருந்தார்கள். வாத்தியங்களைக் கேளுங்கள்: கிதார், பான்ஜோ, மேளம், துணி துவைக்கும் தகரப் பலகை ஒன்று, தேயிலைப் பெட்டியில் துடைப்பக் கட்டையை நிறுத்திக் கயிறு கட்டிய 'தம்பூரா' ஒன்று! அன்று மாலை, கோயில் கூடத்தில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் கிதாரை வாங்கிச் சுருதி சேர்த்து, ஒரு பாட்டை ஒரு வார்த்தைகூட விடாமல் பாடிக் காட்டினான். அவன்தான் பால் மெக்கார்ட்னி. சில நாட்களில் கோஷ்டியில் சேர்ந்துவிட்டான். பஸ்ஸில் தன்னோடு பள்ளிக்கு வரும் ஜார்ஜைப் பிற்பாடு அழைத்து வந்தவனும் அவனே.

பாலின் வீடு ஃபார்த்லின் சாலை, 20-ம் நம்பர். நகரசபை கட்டி வாடகைக்கு விட்ட, ஒன்றோடு ஒன்று ஒட்டிய சிறு வீடுகளில் ஒன்று. அரண்மனைகளையும் ஜமீன் மாளிகைகளையும் காப்பாற்றி வரும் நேஷனல் டிரஸ்டு 1995-ல் இதை வாங்கியது. 1998-ல் ஜனங்களுக்குத் திறந்துவிட்டது.

தாயார் மேரி பிரசவம் பார்க்கும் நர்ஸ். தகப்பனார் ஜிம்மைவிட அவளுக்குச் சம்பளம் அதிகம். பனி கொட்டும் ராத்திரியில் சைக்கிள் ஏறிப் பிரசவத்துக்குப் போகும் தாயின் உருவம் பாலுக்கு மறக்கவே இல்லை. பிள்ளைகள் நல்ல இடத்தில் வளர வேண்டும், நல்ல பாஷை பேச வேண்டும் என்பது அவள் கவலை. அதற்காகவே வீடு மாற்றி மாற்றி, 1955-ல் இங்கே குடி வந்தார்கள். உள்ளேயே குளிக்கும் அறை! பின்னால் ஒரு சிறு தோட்டம்! ஆனால் ஒரு வருஷம்கூட அவள் நிம்மதியாக அனுபவித்தாளோ என்னவோ. 1956 அக்டோபர் 31-ந் தேதி, மார்பில் புற்று நோய்க்காக ரண சிகிச்சை செய்த பிறகு, நாற்பத்தேழு வயதில் இறந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் வீடு முழுவதையும் சுத்தம் செய்து, பிள்ளைகள் மறுநாள் போட்டுக்கொள்ள வேண்டிய உடைகளை எடுத்து வைத்துவிட்டுப் போனாளாம். பாலுக்கு அப்போது பதினாலு வயது. தம்பி மைக்கேல் இன்னும் சின்னவன்.

ஜிம் சமையல் கற்றுக் கொண்டார். அத்தைமார்கள் வாரா வாரம் வந்து வீட்டைக் கவனித்துக் கொண்டார்கள். தாயில்லாத அந்த வீட்டின் முன்னறையில், மத்தியானங்களில் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு ஜானும் பாலும் எதிர் எதிரே உட்கார்ந்து பாட்டுக் கட்டினார்கள். பால் இடது கைக்காரன். ஆகையால் ஒருவரை ஒருவர் பார்க்கும்போது கண்ணாடியில் பார்ப்பது போல இருக்குமாம். பள்ளி நோட்டுப் புத்தகத்தில் பாட்டை எழுதி, மேலே இருவர் பெயரையும் போடுவார்கள். ஒலிப்பதிவு இயந்திரம் கிடையாது. மறுநாள் ஞாபகம் இருந்தால் நல்ல பாட்டு. மறந்து போனால் அது அவ்வளவுதான். ஒரு புதுச் சுரக்கட்டுக் கற்றுக் கொள்வதற்காகப் பஸ் பிடித்து ஊரின் மறு கோடிக்குப் போனதும் உண்டு.

அந்த அறையில் நிற்கும்போது நான் அதுவரை யோசித்திராத ஒன்று மனசில் பட்டது. பால் தாயை இழந்து எட்டு மாதம் ஆனபோது ஜானைச் சந்தித்தான். அடுத்த வருஷம் ஜானும் தாயை இழந்தான். இரண்டு பிள்ளைகளும் அதைப் பற்றி அதிகம் பேசிக் கொள்ளவில்லை. ஆண் பிள்ளைகள் அல்லவா? ஆனால் பேசாமலே தெரிந்து கொள்ளும் துக்கம் ஒன்று உண்டு. ஒரே இடத்தில் இரண்டு குரல்கள் அப்படி இழைவதற்குப் பயிற்சி மட்டும் போதுமா?

1970-ல் வந்த 'லெட் இட் பி' பாட்டைக் கேட்டிருப்பீர்கள். அதில் வரும் மேரி யேசுவின் தாய் என்றே பலர் நினைக்கிறார்கள். ஆனால் கோஷ்டி உடைந்து கொண்டிருந்த குழப்பமான நாட்களில் பாலின் கனவில் வந்து தைரியம் சொன்னவள், சைக்கிளில் போய்ப் பிரசவம் பார்த்த மேரிதான். பாலே இதைச் சொல்லியிருக்கிறார்.

ஜானை 1980 டிசம்பரில் நியூயார்க்கில் ஒரு பாவி சுட்டுக் கொன்றான். ஜார்ஜ் 2001-ல் நோயினால் காலமானார். ஆனாலும், ஜான் வீட்டில் பதிவு செய்து வைத்திருந்த ஒரு பழைய நாடாவிலிருந்து, புதிய யந்திர வித்தையால் அவர் குரலை மட்டும் பிரித்தெடுத்து, ஜார்ஜ் முன்பே வாசித்திருந்த கிதாரையும் சேர்த்து, பாலும் ரிங்கோவும் 2023-ல் 'நவ் அண்டு தென்' என்ற பாட்டை வெளியிட்டார்கள். எதிர் எதிரே உட்கார்ந்த சிநேகிதனின் குரலோடு எண்பது வயதைத் தாண்டிய பால் தம் குரலைச் சேர்த்திருக்கிறார். கேட்கும்போது எனக்கு இந்த முன்னறைதான் கண் முன் நிற்கிறது.

புறப்படும் நேரம் வந்தது. எல்லோரும் முன்னறையைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துக் கொண்டார்கள். என் கணவரைக் காணோம். தேடிப் போனால், அடுக்களையில் நின்று கொண்டிருந்தார். சின்ன அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, துணி பிழியும் யந்திரம், ஜன்னல் வழியாகத் தோட்டம்.

"இந்த ஜிம் பாவம், இரண்டு பிள்ளைகளுக்கும் இங்கேதானே சமைத்துப் போட்டிருப்பார்?" என்றார், மெல்லிய குரலில்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆற்றங்கரையில் வெண்கலத்தில் நிற்கிறவர்களைப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் லிவர்பூலுக்குப் போகிற சகோதரிகளுக்கு நான் சொல்லுவது இது: அடுக்களையைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.